பள்ளி அத்லெட்டிக் டிரெய்னர் திரட்டும் இதய நிதி: அமெரிக்க இதயச் சங்கத்துக்கா, நம் மைதானத்துக்கா?

மேப்பிள்_அம்மா

வணக்கம். அமெரிக்காவில் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளி அணிகளில் விளையாட அனுப்பும் பெற்றோரிடம் ஒரு கருத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பள்ளியின் அத்லெட்டிக் டிரெய்னர் (அணிப் பிள்ளைகளின் காயங்களையும் உடல்நலத்தையும் கவனிப்பவர்) ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு கூடைப்பந்துப் போட்டியை இதய நலனுக்காக ஒதுக்கிவிடுவார். அன்று மாணவர்கள் சிவப்புச் சட்டை அணிந்து வருவார்கள், இடைவேளையில் பார்வையாளர்களுக்கு மார்பை அழுத்தும் முறையைப் பொம்மை வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள், வாசலில் உண்டியல் இருக்கும். சேரும் பணம் முழுவதும் அமெரிக்க இதயச் சங்கத்துக்குப் போகிறது. அவர் குடும்பத்தில் இளவயதில் ஒருவரை இதய நோய்க்குப் பறிகொடுத்தவர் என்று கேள்வி. அவராகச் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த ஆண்டு பெற்றோர் ஆதரவுக் குழுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நம் பிள்ளைகள் ஓடும் மைதானத்தில் இதயம் நின்றால் மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி ஒன்று கிடையாது. இருக்கும் ஒன்றும் அலுவலகத் தாழ்வாரத்தில் பூட்டிய கதவுக்குப் பின்னால். இந்த நிலையில் பணத்தை ஏன் வெளியே அனுப்ப வேண்டும்?" என்று கேட்டுவிட்டார். கைதட்டலும் கிடைத்தது. டிரெய்னர் பதில் சொல்லவில்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனால் கேட்டவர் சொன்னதிலும் தவறு தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

காசோலை

கேட்டவர் பக்கம்தான் நான். எங்கள் பள்ளி ஆதரவுக் குழுவில் கணக்குப் பார்க்கிறேன். ஒரு ஏ.இ.டி. ஆயிரம் டாலருக்கு மேல், வகையைப் பொறுத்து இரண்டாயிரத்தையும் தாண்டும். மின்கலத்தையும் ஒட்டுப்பட்டைகளையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; அந்தச் செலவை யாரும் முதலில் நினைப்பதில்லை. நூறு ஆண்டு கடந்த, நாடு முழுவதும் கிளை பரப்பிய ஒரு சங்கத்துக்கு உங்கள் உண்டியல் பணம் ஒரு துளி. உங்கள் மைதானத்துக்கு அது ஒரு கருவி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "இதயச் சங்கத்துக்காக" என்று எழுதிய உண்டியலில் விழுந்த பணத்தை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது, அது நல்ல காரியமாகவே இருந்தாலும். கொடுத்தவர் எதற்குக் கொடுத்தாரோ அதற்குத்தான் போக வேண்டும். மாற்றுவதாக இருந்தால் அடுத்த ஆண்டு அறிவிப்பிலேயே மாற்றுங்கள்.

நாடித்துடிப்பு

இதயப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கருவி எங்கே இருக்கிறது என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் இன்றைக்கே தீர்க்கக்கூடியது.

மைதானத்தில் ஒரு மாணவர் திடீரென விழுகிறார், கூப்பிட்டால் அசைவில்லை என்றால், வேறு காரணம் தெரியும்வரை அதை இதய நிறுத்தம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். டிரெய்னர்களுக்கு இது பாலபாடம். பொதுமக்கள் தயங்குவது இங்கேதான். விழுந்தவரின் கைகால் சில நொடிகள் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். வாய் திறந்து மீன் போலக் காற்றை இழுக்கும். மூச்சு இருக்கிறது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இரண்டும் ஏமாற்றும்.

மின்னதிர்ச்சி கொடுக்காமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. இடையில் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு மெதுவாகும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்க வேண்டும், ஆனால் 6 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். ஆகவே கருவி பள்ளியில் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. மாலை ஆறரை மணிக்கு, அலுவலகம் பூட்டிய பிறகு, கடைசி மைதானத்தின் கடைசி மூலையிலிருந்து ஒருவர் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு திரும்ப மூன்று நிமிடத்துக்குள் முடியுமா என்று கேளுங்கள். ஓடவிட்டுக் கைக்கடிகாரத்தில் பாருங்கள். முடியாது என்றால் உங்கள் பள்ளியில் கருவி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பள்ளி வளாகத்தில் இதயம் நிற்பது மாணவர்களுக்கு மட்டுமல்ல. பார்வையாளர் வரிசையில் இருக்கும் தாத்தா, நடுவர், பயிற்சியாளர் எல்லாரும் இதில் சேர்த்தி.

நிதி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். இரவுப் பணி.

நெடுந்தூரன்

அந்த டிரெய்னரை நினைத்து வருந்துகிறேன். என் மகள் நான்கு ஆண்டு நெடுந்தூர ஓட்ட அணியில் இருந்தாள். அத்லெட்டிக் டிரெய்னர் என்ன செய்கிறார் என்பது பாதிப் பெற்றோருக்குத் தெரியாது. உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கச் சொல்லிக்கொடுப்பவர் என்று நினைக்கிறார்கள். அவர் முதுகலை அளவில் படித்து, தேசியத் தேர்வு எழுதி, பெரும்பாலான மாநிலங்களில் உரிமமும் பெற்ற சுகாதாரப் பணியாளர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-இலேயே இதை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றுக்கொண்டது.

எங்கள் பள்ளி டிரெய்னரின் நாள் பகல் ஒரு மணிக்குத் தொடங்கும். பள்ளி விட்டதும் அவர் அறை வாசலில் வரிசை நிற்கும். கணுக்காலுக்கு டேப் சுற்ற வேண்டும், போன வாரம் தலையில் அடிபட்ட பையனுக்கு நினைவாற்றல் சோதனை வைக்க வேண்டும், முழங்கால் அறுவை முடிந்து வந்தவளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஆகஸ்டில் வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்று கவசத்தோடு பயிற்சி கிடையாது" என்று பயிற்சியாளரிடம் சொல்லி, முறைப்பு வாங்குவார். பனிக்கட்டித் தண்ணீர் நிரப்பிய தொட்டி ஒன்று ஓரத்தில் எப்போதும் தயாராக இருக்கும். வெப்பத்தாக்கு வந்தால் முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆம்புலன்சில் ஏற்றுவது என்ற விதியை அவரிடம்தான் கேட்டேன்.

ஒரே நேரத்தில் மூன்று மைதானங்களில் மூன்று விளையாட்டுகள் நடக்கும். டிரெய்னர் ஒருவர்தான். போட்டி நாளில் வீடு திரும்ப இரவு பத்தாகும். நாடு முழுவதுக்குமான நடுச் சம்பளமே ஆண்டுக்கு 60,000 டாலரை ஒட்டித்தான். இப்படி ஒருவர் கிடைக்காத உயர்நிலைப் பள்ளிகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இத்தனைக்கும் நடுவே பிப்ரவரியில் உண்டியல் வேறு ஏந்துகிறார் என்றால், கூட்டத்தில் அவரைக் கூனிக் குறுக வைத்திருக்க வேண்டாம்.

காசோலை

நெடுந்தூரன் ஐயா, அவர் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. உழைப்பவரிடம் கருவி இல்லை என்றுதான் சொல்கிறேன். உண்டியலை அவர் ஏந்துவதும் சரியல்ல. அது ஆதரவுக் குழுவின் வேலை.

நெறியாளர்

நல்ல விவாதம். பள்ளிகளின் பெயரையோ டிரெய்னர்களின் பெயரையோ குறிப்பிட வேண்டாம் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். ஒரு பதிவில் ஊர்ப்பெயரை நீக்கியிருக்கிறேன்.

கேள்விக்குறி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஏ.இ.டி. என்பது விழுந்த பிறகு. விழுவதற்கு முன்பே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு இசிஜி எடுத்துவிட்டால் என்ன? பத்து நிமிட வேலை. அந்த நிதியை அதற்குச் செலவிடலாமே.

நாடித்துடிப்பு

கேள்விக்குறி, நீங்கள் கேட்டதில் உலகமே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இத்தாலி 1982 முதல் போட்டி விளையாட்டு வீரர்களுக்கு இசிஜியைக் கட்டாயமாக்கியது. வெனெட்டோ பகுதியில் விளையாட்டு வீரர்களின் திடீர் இதய மரணம் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 3.6 என்றிருந்தது, 2004 வாக்கில் 0.4 ஆகக் குறைந்ததாக 2006-இல் ஆய்வு வெளியானது. கேட்டவுடன் கையைத் தூக்கத் தோன்றும். ஆனால் 1997-இல் இதேபோலச் சட்டம் கொண்டுவந்த இஸ்ரேலில், சட்டத்துக்கு முன்னும் பின்னும் மரண விகிதத்தில் மாற்றம் தெரியவில்லை என்று 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது.

பயிற்சி செய்யும் பிள்ளையின் இதயம் சற்றே தடித்து, துடிப்பு குறைந்து இருப்பது இயல்பு. அதை நோய் என்று படித்துவிட்டால், நன்றாக இருக்கும் பிள்ளை மாதக்கணக்கில் பரிசோதனை மேசைகளில் படுத்திருக்கும். பிறவியிலேயே இதய ரத்தக் குழாய் தவறான இடத்தில் தொடங்கும் கோளாறோ பெரும்பாலும் இசிஜியில் தெரியாது. மார்பில் பந்து படுவதால் நிற்கும் இதயத்தில் முன்கூட்டிக் கண்டுபிடிக்க எதுவுமே இல்லை. இளையவர்களின் இசிஜியைப் படிக்கத் தெரிந்த மருத்துவர் கிடைக்கும் இடத்தில், விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எல்லாருக்கும் கட்டாயம் என்பதை அமெரிக்க இதயச் சங்கம் ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக 14 அம்சங்கள் கொண்ட ஒரு பரிசோதனைப் பட்டியலை வைத்திருக்கிறது. குடும்ப வரலாறு, பிள்ளையின் வரலாறு, ரத்த அழுத்தம், இதய ஒலி ஆகியவை அதில் அடக்கம்.

வடதுருவம்

அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். ஆண்டுதோறும் பள்ளி கொடுக்கும் விளையாட்டு உடற்தகுதிப் படிவத்தில் அந்தக் கேள்விகள்தாம் வருகின்றன. "50 வயதுக்கு முன் குடும்பத்தில் யாராவது இதய நோயால் இறந்திருக்கிறார்களா?" நம் ஆட்கள் என்ன செய்கிறோம்? எல்லாக் கேள்விக்கும் மேலிருந்து கீழே ஒரே கோடாக "இல்லை" என்று போட்டுக் கையெழுத்திடுகிறோம். 44 வயதில் போன சித்தப்பா நினைவுக்கு வந்தாலும், "அதை எழுதினால் பிள்ளையை விளையாட விடமாட்டார்கள்" என்று மனைவி சொல்வார், அல்லது கணவர் சொல்வார். ஓடும்போது ஒருமுறை மயங்கி விழுந்ததைச் "சாப்பிடாமல் போனான்" என்று மூடிவிடுவோம்.

நிதி பற்றி என் கருத்தும் இதிலிருந்துதான் வருகிறது. தெற்காசியர்களுக்கு இதய ரத்தக் குழாய் நோய் மற்றவர்களைவிட முன்னதாக, கூடுதலாக வருகிறது என்பதைத் தனி அறிக்கையாக 2018-இல் வெளியிட்டது இதே சங்கம்தான். அதே ஆண்டு வந்த கொழுப்புச் சிகிச்சை வழிகாட்டி, தெற்காசிய வம்சாவளியையே அபாயத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதற்கு முன் என் மருத்துவர், மெலிந்த உடம்பைப் பார்த்து, "உங்களுக்கென்ன" என்று அனுப்பிவிடுவார். இப்போது சர்க்கரையும் கொழுப்பும் பார்க்காமல் விடுவதில்லை. உள்ளூர் மைதானத்துக்குக் கருவி வாங்குவது நம் பிள்ளைக்கு. ஆராய்ச்சி நமக்கும் நம் பிள்ளையின் நாற்பதாம் வயதுக்கும்.

நாடித்துடிப்பு

வடதுருவம் அக்கா சொன்ன படிவத்தை வழிமொழிகிறேன். ஓட்டம் முடிந்து நின்ற பிறகு மயங்குவது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது வேறு; இதய மருத்துவர் பார்க்காமல் திரும்ப மைதானத்துக்கு அனுப்பக் கூடாது. உண்மையை எழுதினால் விளையாட்டு பறிபோகும் என்ற பயம் முழுக்கச் சரியும் அல்ல. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் இதயம் நின்று விழுந்த டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், உடலுக்குள் மின்னதிர்ச்சிக் கருவி பொருத்திக்கொண்டு அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் மீண்டும் ஆடினார். இத்தாலிய விதிகள் அந்தக் கருவியோடு ஆட இடம்தராததால் அவர் கிளப் மாற வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி நிதி. "ஒரு துளி" என்று காசோலை எழுதியிருந்தார். அந்த டிரெய்னர் பொம்மையில் சொல்லிக்கொடுக்கும் முறை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கௌவன்ஹோவன் என்ற மின்பொறியாளரின் ஆய்வுக்கூடத்தில், நிக்கர்பாக்கர் என்ற இளம் ஆய்வாளர் நாயின் மார்பில் கனமான மின்தகடுகளை அழுத்தியபோது, மின்சாரம் பாய்ச்சும் முன்பே ரத்த அழுத்தம் ஏறுவதைக் கவனித்தார். மருத்துவர் ஜூடும் சேர்ந்துகொள்ள, 1960-இல் கட்டுரை வந்தது. 1963-இல் இதயச் சங்கம் அதை முறையாக ஏற்றது. அன்றிலிருந்து எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்று திருத்தித் திருத்தி வழிகாட்டி எழுதுவது அவர்கள் வேலை. உயர்நிலைப் பள்ளி முடிக்கும் முன் மாணவர் இந்த மார்பை அழுத்தும் முதலுதவியை, அதாவது சி.பி.ஆர்., கற்க வேண்டும் என்ற சட்டம் இன்று ஏறத்தாழ 40 மாநிலங்களில் இருப்பதற்கும் அவர்களின் தொடர் வற்புறுத்தல் ஒரு பெரிய காரணம். கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பயப்படாத ஒரு பதினாறு வயதுப் பிள்ளை அந்தச் சட்டத்தால் கிடைக்கிறது.

காசோலை

சி.பி.ஆர். கதையை ஏற்கிறேன், சட்டத்தையும் ஏற்கிறேன். ஆனால் சங்கத்தைத் தெய்வமாக்க வேண்டாம். கடையில் உணவுப் பெட்டிகளின் மேல் அவர்களின் இதய முத்திரை இருக்கிறதே, நிறுவனங்கள் கட்டணம் செலுத்தித்தான் அதைப் பெறுகின்றன. இனிப்பு மிகுந்த தானிய உணவுகளுக்கும் ஒரு காலத்தில் அது கிடைத்ததாக விமர்சனம் உண்டு. 1978-இல் கயிறு தாண்டிப் பணம் திரட்டும் நிகழ்ச்சியாகத் தொடங்கிப் பள்ளிகளில் இன்றும் நடப்பது இன்னொன்று. கூடுதலாகத் திரட்டும் குழந்தைக்குப் பொம்மைப் பரிசு. என் இளைய மகன் அந்தச் சாவிக்கொத்துப் பொம்மைக்காக அண்டை வீட்டாரையெல்லாம் தொந்தரவு செய்தான். இதயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் தெரியாது.

அவர்களின் ஆண்டு வரிப் படிவம் பொதுவில் கிடைக்கிறது. கொடுப்பவர்கள் ஒருமுறை படித்துவிட்டுக் கொடுக்கட்டும்.

விசில்

வார இறுதியில் கால்பந்து நடுவராக இருக்கிறேன். நல்ல டிரெய்னர் இருக்கும் பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் உள்ள வேறுபாடு ஆட்டம் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். நல்லவர் வந்து கைகுலுக்கி, எதிரணிப் பயிற்சியாளரையும் என்னையும் ஒன்றாக நிறுத்திச் சொல்வார்: கருவி இங்கே, 911-ஐ அழைப்பவர் இவர், ஆம்புலன்ஸ் வரும் வாயில் அது, சாவி இவரிடம். இரண்டு நிமிடம் ஆகாது. இந்த ஏற்பாட்டுக்குப் பணம் எதுவும் வேண்டாம். பணத்தைப் பற்றியே எல்லாரும் பேசுவதால் சொன்னேன்.

நெடுந்தூரன்

விசில் சொன்னதோடு சேர்த்து ஒன்று. 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் நடந்த ஆட்டத்தில் அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் விழுந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். மார்பில் விழுந்த அடி, இதயத் துடிப்பில் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் பட்டதால் இதயம் நின்றது. மைதானத்திலேயே சி.பி.ஆர். கொடுத்தவர் பஃபலோ பில்ஸ் அணியின் உதவி அத்லெட்டிக் டிரெய்னர் டென்னி கெல்லிங்டன். ஹாம்லின் முன்பு குழந்தைகளுக்குப் பொம்மை வாங்க 2,500 டாலர் இலக்கு வைத்துத் தொடங்கியிருந்த நிதி, சில நாட்களில் 80 லட்சம் டாலரைத் தாண்டியது. அவர் குணமானதும் இதயச் சங்கத்தோடு சேர்ந்து செய்தது என்ன? மூன்று காரியம்: சி.பி.ஆர். கற்றுக்கொள், நன்கொடை கொடு, மூன்று நண்பர்களைச் செய்யச் சொல். கற்பது முதலில், காசு இரண்டாவது. மேப்பிள்_அம்மா பள்ளியின் பிப்ரவரிப் போட்டியும் அந்த வரிசையில்தானே நடக்கிறது? இடைவேளையில் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுப்பதை யாருமே கணக்கில் எடுக்கவில்லை.

மேப்பிள்_அம்மா

எல்லாருக்கும் நன்றி. இந்த இழையை வைத்துக்கொண்டு டிரெய்னரிடமே போய்ப் பேசினேன். கூட்டத்தில் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டேன். மைதானத்துக்கு இரண்டாவது கருவி வேண்டும் என்று மூன்று ஆண்டாக அவரே நிர்வாகத்துக்கு எழுதி வருகிறாராம். அதைப் பெற்றோர் முன்னால் சொன்னால் மேலதிகாரிகளைக் குற்றம் சாட்டியது போலாகும் என்று வாயை மூடிக்கொண்டாராம். மின்னஞ்சல்களைக் காட்டினார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதவில்லை.

நாடித்துடிப்பு சொன்ன ஓட்டத்தையும் செய்து பார்த்தோம். பள்ளியின் தடகள வீராங்கனை ஒருத்தியை ஓடவிட்டோம். மேல் மைதானத்திலிருந்து போய்வர நான்கு நிமிடத்துக்கு மேல், அதுவும் தாழ்வாரக் கதவைத் திறந்துவைத்த பிறகு. அந்த நேரத்தைக் குறித்த காகிதத்தோடு ஆதரவுக் குழுச் செயலரைப் பார்த்தேன். முடிவானவை: இந்த ஆண்டு உண்டியல் அறிவித்தபடி சங்கத்துக்கே போகும். கருவிக்குக் குழுவின் பொது நிதியிலிருந்து பணம், அதற்குத் தனி வாக்கெடுப்பு அடுத்த வாரம். தாழ்வாரக் கதவின் சாவி ஒன்று இன்றிலிருந்து டிரெய்னரிடம்.

காசோலை

நல்லது. வாக்கெடுப்பில் மின்கலம், ஒட்டுப்பட்டைச் செலவையும் ஒரு வரியாகச் சேருங்கள். யார் மாதாமாதம் கருவியின் பச்சை விளக்கைப் பார்ப்பது என்றும் எழுதிக்கொள்ளுங்கள். வெளியில் வைப்பதாக இருந்தால் குளிர்காலத்துக்கு வெப்பமூட்டும் பெட்டி வேண்டும். உறைபனியில் மின்கலம் கைவிடும், பட்டையின் பசையும் காயும். உண்டியல் சங்கத்துக்குப் போவதில் எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை, ஆனால் அறிவித்தபடி செய்வது சரி.

கேள்விக்குறி

எனக்கு ஒரு சந்தேகம். யாராவது தவறாகப் பயன்படுத்திவிட்டால் வழக்கு வருமா? எங்கள் பள்ளியில் பூட்டி வைப்பதற்கு அதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

நாடித்துடிப்பு

நல்ல எண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கும் சட்டம் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. விவரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கருவி தானே இதயத் துடிப்பைப் படித்துப் பார்க்கும். தேவையில்லை என்றால் பொத்தானை அழுத்தினாலும் அதிர்ச்சி கொடுக்காது. வியர்வையோ மழையோ இருந்தால் மார்பைத் துடைத்துவிட்டுப் பட்டையை ஒட்டுங்கள், அவ்வளவுதான். பூட்டுவதற்கு இது காரணமே இல்லை. திருட்டுப் பயம் என்றால் திறந்தால் ஒலிக்கும் பெட்டி கிடைக்கிறது.

வடதுருவம்

மேப்பிள்_அம்மா, அந்தச் செயலரிடம் உடற்தகுதிப் படிவத்தைப் பற்றியும் பேச முடியுமா? பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் டிரெய்னரே அந்தக் கேள்விகளை வாசித்து விளக்கினால், கண்ணை மூடிக்கொண்டு "இல்லை" போடுவது குறையும். எங்கள் பள்ளியில் நானே கேட்கப் போகிறேன்.

மேப்பிள்_அம்மா

கேட்கிறேன் அக்கா. பிப்ரவரிப் போட்டியன்று இடைவேளைக்குப் பதிலாக, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பெற்றோருக்கு சி.பி.ஆர். வகுப்பு வைக்கலாம் என்று டிரெய்னர் சொல்கிறார். பொம்மைகள் போதவில்லை. வேறு பள்ளியிலிருந்து இரவல் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், யாரிடம் கேட்பது என்று சொல்லுங்கள்.

விசில்

உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு அவர்கள்தாம் கொடுத்தார்கள், சொல்லிக்கொடுக்க ஓர் ஆளையும் சேர்த்து. முழங்காலுக்குக் கீழே போட மடித்த துண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். கூடைப்பந்துத் தரையில் இரண்டு நிமிடம் மண்டியிட்டு அழுத்தினால் நம் வயதுக்காரர்களுக்கு முட்டி போய்விடும்.